உங்களுக்குத் தெரியுமா? ஒரே குழாயில் மழையும் கழிவும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டில், சுமார் மூன்றில் ஒரு பங்குப் பகுதிக்கு இன்றும் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய்தான். மழையில்லாத நாளில் தொல்லையில்லை; எல்லாம் சுத்திகரிப்பு நிலையம் போய்ச் சேரும். கனமழை கொட்டினால் குழாய் தாங்காது. வீட்டுக் கழிவும் மழைநீரும் கலந்து நேரே ஜேம்ஸ் ஆற்றில் இறங்கும். நகரத்தின் நடுவே மக்கள் நீந்தி, படகு விட்டு மகிழும் ஆறு அது!

வழிந்தோடும் நீரைப் பிடித்துவைக்க ஷாக்கோ பகுதியில் சுமார் 19 கோடி லிட்டர் கொள்ளும் தொட்டி உண்டு. பெருமழைக்கு அதுவும் போதவில்லை.

மழைநீருக்குத் தனிக் குழாய் போடலாமே என்று தோன்றும். பழைய நகரில் அதற்குத் தெருத் தெருவாகத் தோண்ட வேண்டும். செலவு மலைக்க வைக்கும். ஆற்றில் கழிவு கலப்பதைத் தடுக்கும் வேலையை 2035 ஜூலைக்குள் முடிக்க வேண்டும் என்று 2020இல் மாநிலம் சட்டம் போட்டது. கெடு விதித்தவர்களே பணமும் தர வேண்டும் என்று நகரம் கேட்பது நியாயம்தான். இல்லாவிட்டால் சுமை ஏழைகள் உட்பட எல்லோருடைய கழிவுநீர்க் கட்டணத்திலும் விழும். 2021இல், கொரோனா நிவாரண நிதியிலிருந்து இந்த வேலைக்கு 5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

அமெரிக்காவில் இத்தகைய ஒற்றைக் குழாய் ஊர்கள் சுமார் 700.