சாயங்கால சென்ட்டும் சந்தனத்தின் வைரமும்

பெண்களுக்கான பெர்ஃப்யூம்களில் ஒரு வகை உண்டு. வெதுவெதுப்பு, இனிப்பு, மரவாசனை மூன்றும் கலந்தது, மாலையில் பூச ஏற்றது என்று விற்பார்கள். வாசனைக்கு ஏதுங்க வெதுவெதுப்பு? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனால் தளிக்கு அடுத்துள்ள ஜவளகிரி காட்டுக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

இந்த வகைக்கு நல்ல உதாரணம், பாரிஸின் கெர்லேன் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட 'சம்சாரா'. உருவாக்கியவர் ழான் பால் கெர்லேன். மல்லிகையும் மைசூர் சந்தன எண்ணெயும்தான் அதன் உயிர். இனிப்புக்கு வனிலாவும் டோங்கா விதையும் உண்டு.

மைசூர் சந்தனம் என்பது பேருக்குத்தான். மரத்துக்கு மாநில எல்லை தெரியாது. மேற்கே பன்னர்கட்டாவிலிருந்து ஜவளகிரிக்கு யானைகள் வந்துபோகும் இந்த வறண்ட காட்டிலும் அதே இனம்தான் முளைக்கிறது. அதன் தாவரவியல் பெயர் சான்டலம் ஆல்பம்.

இப்போ வெதுவெதுப்புக்கு வருவோம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள். சின்னது, சட்டுன்னு ஆவியாகிவிடும். சந்தனத்தின் மணப்பொருளான சான்டலாலில் 15 கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜனும் உண்டு. கனமானது என்பதால் தோலிலேயே தங்கி, உடல் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். அந்த நிதானத்தைத்தான் நம் மூக்கு 'வெதுவெதுப்பு' என்று புரிந்துகொள்கிறது என நினைக்கிறேன். உச்சிவெயிலில் இதே மணம் திகட்டும். பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்த பிறகு இதமாக இருக்கும்.

இந்த எண்ணெய் எங்கே இருக்கிறது? இலையில் இல்லை, பூவில் இல்லை, பட்டையிலும் இல்லை. வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும்தான். வைரம் ஏற ஆரம்பிக்கவே சுமார் 10 வருஷம் ஆகும். நல்ல எண்ணெய்க்கு 30 வருஷமாவது நிற்க வேண்டும். தனியாக நட்டாலும் சரியாக வளராது. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி இது. துவரையோ சவுக்கோ துணைக்கு வேண்டும்.

முதல் உலகப்போரில் ஐரோப்பாவுக்குக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோவும் வாட்சனும் இங்கேயே எண்ணெய் வடிக்க வழி செய்தார்கள். 1916-ல் மைசூர் அரசு ஆலை தொடங்கியது. கட்டையை விற்ற நாடு எண்ணெயாக விற்க ஆரம்பித்தது. ஆனால் மரம் அரசின் பிடியிலேயே இருந்தது. சொந்த நிலத்தில் முளைத்தாலும் இஷ்டத்துக்கு வெட்டி விற்க முடியாது. அப்புறம் எந்த விவசாயி கன்றைக் காப்பாற்றுவார்? ஆதாயம் இல்லை, தொல்லை மட்டும் மிச்சம். திருடனுக்கோ முழு லாபம். வேரிலும் எண்ணெய் இருப்பதால் அடியோடு தோண்டிக்கொண்டு போவார்கள். பாதி வைரம்கூட ஏறாத இளமரமும் தப்பாது.

2001-ல் கர்நாடகமும் 2002-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் தளர்த்தின. பட்டா நிலத்து மரத்துக்கு உரிமையாளருக்கு உரிமை வந்தது. ஆனால் வெட்டுவதற்கு அனுமதி தேவை. இருந்தும் 30 வருஷக் காவல் யாருக்கும் லேசான காரியமில்லை. இதற்குள் ஆஸ்திரேலியாவின் குனுனுராவில் இதே இனத்தைத் தோட்டமாகப் போட்டுவிட்டார்கள். ஜாவனால், பாலிசான்டால் போன்ற செயற்கை மணப்பொருள்களும் வந்துவிட்டன. இன்று பாட்டிலில் 'சாண்டல்வுட்' என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் மணத்தின் பெயர்தான். மரம் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

செயற்கை மோசம் என்று சொல்லவில்லை. அதனால் காட்டு மரங்கள் சில தப்பும். ஆனால் நம்ம ஊர் வறண்ட நிலத்தில் விளையக்கூடிய ஒரு பொருளுக்கு உலகமே ஏங்கும்போது, அதை வளர்ப்பவருக்குத் தைரியம் கொடுக்க இவ்வளவு தாமதித்தது நஷ்டம்தானே?

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் காகிதப் பட்டையை மோந்து பார்த்து முடிவு பண்ணாதீங்க. முதலில் வருவது எலுமிச்சை மாதிரியான லேசான மணங்கள். மணிக்கட்டில் பூசி, ஒரு மணி நேரம் கழித்து மோந்து பாருங்க. அடியில் இருக்கும் மரவாசனை அப்போதுதான் பிடிபடும்.