இணையக் கடையின் சாவி யார் கையில்?

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி, மலேசிய நேரப்படி நள்ளிரவை நெருங்கும் வேளையில், முகநூல், இன்ஸ்டகிராம், புலனம் எனப்படும் வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் செயலிழந்தன. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குப் பின்னரே அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 4ஆம் தேதி. முறுக்கு, அதிரசம், சேலை என முன்பதிவுகள் வரத் தொடங்கும் காலம் அது. இதே தடை பகலில் ஏற்பட்டிருந்தால், அம்மூன்றை மட்டுமே நம்பியிருந்த சிறு வணிகர்களின் ஒரு நாள் வியாபாரம் போயிருக்கும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, கடைக் கதவை அடைத்தவர்கள் பலர் கைத்தொலைபேசியில் கடை திறந்தார்கள். வீட்டில் பலகாரம் செய்பவர், மாலை கட்டுபவர், ரவிக்கை தைப்பவர் எனப் பலருக்கும் அது கைகொடுத்தது. வாடகை இல்லை, முன்பணம் இல்லை. ஆனால் அந்த இடம் இன்னொருவருக்குச் சொந்தமானது. அவர் நினைத்தால் விதிகளை மாற்றலாம், சேவையையே நிறுத்தலாம். வணிகர்களுக்குக் கூகல் நிறுவனம் இலவசமாக அமைத்துக் கொடுத்த சிறு இணையத்தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. ஆகவே இலவசக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டும். அவற்றை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

எந்தக் கருவி எதற்கு?

2018இல் அறிமுகமான வணிகப் புலனம், தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு ஓர் உதவியாளர் போன்றது. பொருள்களைப் படத்துடனும் விலையுடனும் பட்டியலிடலாம். கடை அடைத்த பின் வரும் செய்திகளுக்குத் தானாகவே பதில் போகும்படி செய்யலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களைச் சேமித்து வைக்கலாம். பணம் செலுத்தியவர், செலுத்த வேண்டியவர் என்று அடையாளமிட்டுப் பிரித்தும் வைக்கலாம்.

பழகியவர்களுடன் பேசப் புலனம் உதவும். புதியவர்கள் கடையைத் தேடி வர, கூகல் வணிகப் பக்கம் உதவும். வரைபடத்தில் கடை இருக்குமிடம், திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். விழாக்கால விடுமுறையை அதில் குறிப்பிட மறந்தால், பூட்டிய கடை முன் வந்து நிற்கும் வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார்.

சொந்தமாக இருக்க வேண்டியவை

முதலாவது, இணைய முகவரி. '.மை' என்று முடியும் மலேசிய முகவரிகளை மைநிக் நிர்வகிக்கிறது. ஆண்டுதோறும் சிறு கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். தளத்தை வடிவமைப்பவர் யாராக இருந்தாலும், முகவரி வணிகரின் பெயரிலேயே பதிவாக வேண்டும். வடிவமைப்பாளரின் பெயரில் பதிவாகிவிட்டால், கருத்து வேறுபாடு வரும் நாளில் கடையின் பெயர்ப்பலகையே அவரிடம் போய்விடும். முகவரி கையில் இருந்தால், தளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலும் வாடிக்கையாளர் பழைய முகவரியிலேயே வந்து சேர்வார்.

இரண்டாவது, வாடிக்கையாளர் பட்டியல். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், கடைசியாக வாங்கிய பொருள் ஆகியவற்றை ஒரு கணக்கு அட்டவணையில் எழுதி, மாதம் ஒருமுறை நகலெடுத்து வைத்தால் போதும். தொலைபேசி தொலைந்தாலும் உறவு தொலையாது. ஆனால் அந்த விவரங்களை வாடிக்கையாளரின் சம்மதத்துடன் பெற வேண்டும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை வலியுறுத்துகிறது. விளம்பரம் வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கேட்டால் நிறுத்திவிட வேண்டும்.

விலையை மறைக்க வேண்டாம்

'விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்' என்று எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. அது நம்பிக்கையைக் குறைக்கும், விதிக்கும் முரணானது. 2013 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த மின்வணிக விதிமுறைகள் 8 விவரங்களைக் கேட்டன: வணிகரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் வந்து சேரும் காலம். ஒரு விளம்பரம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க இன்றும் இது நல்ல அளவுகோல். இந்த எட்டையும் சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகள் வராமலேயே போகும்.

பூட்டும் காவலும்

புலனத்தில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்க இரகசிய எண்ணை அமைத்துக்கொள்வது அவசியம். குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீட்டை நண்பரே கேட்டாலும் தரக்கூடாது. தந்துவிட்டால் கணக்கு பறிபோகும். வணிகரின் பெயரால் அவருடைய வாடிக்கையாளர்களிடமே பணம் பறிக்கப்படும். புதிய விநியோகிப்பாளருக்குப் பணம் அனுப்பும் முன், காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அவரது வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், தாமதிக்காமல் வங்கியையோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய இயலாது. வாடிக்கையாளர் பட்டியலை நகலெடுப்பதில் தொடங்கலாம். அதற்கு ஒரு மாலைப் பொழுதும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.