தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தேன்!

"தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் உனக்கு இது வராதுடா!" என்று என் அம்மா பல விஷயங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். பி.காம். படிக்கும்போது காஸ்ட் அக்கவுண்டிங், அப்புறம் டூ வீலர் லைசென்ஸ், அதற்கப்புறம் கல்யாணம். எல்லாமே எப்படியோ வந்துவிட்டது. ஆனால் நிஜமாகவே தலைகீழாக நின்று, நிஜமாகவே தண்ணீர் குடித்தது ராமேஸ்வரம் கடலில்தான். அதுவும் காசு கொடுத்து!

விஷயம் இதுதான். கடலில் கயாக் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் 'சர்ட்டிஃபைடு' வாத்தியார் ஆவது என்று முடிவு செய்தேன்.

"34 வயசுல வாத்தியார் வேலையா? அதுவும் கடல்லயா?" என்றாள் மனைவி. "போர்டை எங்கே மாட்டுவீங்க?"

நியாயமான கேள்வி. நான் முதலில் அங்கே போனது ஒரு கட்டுரை எழுதத்தான். இரண்டு நாளில் திரும்பியிருக்க வேண்டும். கயாக்கில் உட்கார்ந்து கரையிலிருந்து நூறு அடி போனதும் செல்போன், எடிட்டர், ஈ.எம்.ஐ. எல்லாம் சத்தமில்லாமல் கழன்று விழுந்துவிட்டன. கட்டுரை எழுதப் போனவன் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டவனுக்குக் கற்றுக்கொடுக்க ஆசை வந்தது. வியாதி இப்படித்தான் படிப்படியாக முற்றும்!

கயாக் என்பது ஆர்க்டிக் பிரதேசத்து இன்யூட் மக்கள் சீல் வேட்டைக்குக் கண்டுபிடித்த படகு. கரை ஒதுங்கிய மரத்திலும் எலும்பிலும் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்தித் தைத்துவிடுவார்கள். இன்றைக்கு அதையே பிளாஸ்டிக்கிலும் ஃபைபரிலும் செய்கிறார்கள். சுமார் 17 அடி நீளம், அகலம் இரண்டடிக்கும் குறைவு. ஆபீஸ் நாற்காலிகூட இதைவிட அகலம்.

இந்தப் படகை வைத்துக்கொண்டு மனிதர்கள் செய்திருக்கும் காரியங்கள் அசரவைக்கின்றன. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மன்காரர் 1932ல் உல்ம் நகரில் டான்யூப் நதியில் மடக்கு கயாக்கை இறக்கினார். நம் இந்தியக் கரையோரமாகவும் துடுப்பு போட்டுக்கொண்டு போனவர், 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் ஏறினார். ஏழு வருஷம்! அதற்குள் உலகப் போர் ஆரம்பித்துவிட்டதால், எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். இதில் வேடிக்கை, மனிதருக்கு நீச்சல் தெரியாது.

"அவர் தனியாப் போனார் சார். உங்களை நம்பி நாலு பேர் வரப் போறாங்க" என்றார் என் பயிற்சியாளர். அப்போது அது மண்டையில் ஏறவில்லை.

பாவாடை கட்டிய பி.காம்.

நான் சேர்ந்தது 1880ல் ஆரம்பித்த அமெரிக்கன் கனூ அசோசியேஷனின் பாடத்திட்டத்தில். ஐந்து படிகள் உண்டு. நான் எடுத்தது கீழேயிருந்து இரண்டாவது படி. முதலில் கற்பிக்கக் கற்றுக்கொள்ளும் பட்டறை, அப்புறம் பரீட்சை. கூடவே முதலுதவிச் சான்றிதழும் வேண்டும்.

முதல் நாள் இடுப்பில் ஒரு பாவாடையைக் கட்டிவிட்டார்கள். ஸ்ப்ரே ஸ்கர்ட் என்று பெயர். அதன் விளிம்பை கயாக்கின் வாயைச் சுற்றி மாட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே வராது. ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டுவதுபோல. ஊறுகாய் நாம்!

"இப்போ கவிழுங்க" என்றார்.

கவிழ்ந்தேன். உலகம் பச்சையாக மாறியது. மூக்கு வழியாக மன்னார் வளைகுடா உள்ளே வந்தது. இந்த நேரத்தில் செய்ய வேண்டியது மூன்றே வேலை. படகின் அடிப்பக்கத்தில் மூன்று முறை தட்ட வேண்டும். முன்னால் குனிந்து பாவாடையின் வாரைப் பிடித்து இழுக்க வேண்டும். பேன்ட்டைக் கழற்றுவதுபோலப் படகைத் தள்ளிவிட்டு வெளியே வர வேண்டும். ஐந்து செகண்ட் வேலை. எனக்கு ஐந்து வருஷம்போல இருந்தது.

வெளியே வராமல், உள்ளே இருந்தபடியே இடுப்பை வெட்டி நிமிர்வதற்கு 'ரோல்' என்று பெயர். என் படிக்கு அது கட்டாயமில்லை. இதை கிரீன்லாந்துக்காரர்களிடம் கற்றுக்கொண்ட இங்கிலாந்துக்காரர் ஜினோ வாட்கின்ஸ், 1932ல் அதே கிரீன்லாந்தில் சீல் வேட்டைக்குத் தனியாகப் போனார். கவிழ்ந்த கயாக் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. வயது 25. வித்தை தெரிந்தவருக்கே இந்தக் கதி. அதனால்தான் அடுத்தவரைத் தூக்கும் பாடத்துக்கு இவ்வளவு மரியாதை.

ஒருவர் கவிழ்ந்தால் நம் படகை அவர் படகுக்குக் குறுக்கே 'டி' எழுத்துபோல நிறுத்த வேண்டும். அதன் மூக்கை நம் மடிமேல் இழுத்துத் தண்ணீரைக் கொட்டி, நிமிர்த்தி, பக்கத்தில் சேர்த்துப் பிடித்து, ஆளை ஏற்ற வேண்டும். நாற்பது தடவையாவது செய்திருப்பேன். தோள்பட்டை கழன்றது.

துடுப்பு போடுவதிலும் நான் நினைத்ததெல்லாம் தப்பு. கையால் இழுக்கக் கூடாதாம். இடது பக்கம் துடுப்பு விழும்போது இடது காலால் மிதித்து, இடுப்பிலிருந்து உடம்பு முழுக்கத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் எதிரே ஒரு மிதி. பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரிந்தது. டபுள் என்ட்ரி!

பதினோரு நிமிஷ லெக்சர்

ஓட்டுவது வந்துவிட்டது. சொல்லிக் கொடுப்பதில்தான் சறுக்கல்.

துடுப்பைப் பிடிப்பது எப்படி என்று விளக்கச் சொன்னார்கள். நான் துடுப்பின் வரலாற்றில் ஆரம்பித்தேன். முடித்ததும் பயிற்சியாளர் வாட்சைப் பார்த்தார். "பதினோரு நிமிஷம் சார். அதுக்குள்ள ரெண்டு பேர் டீ குடிச்சிட்டு வந்துட்டாங்க."

முறை ரொம்ப எளிது. சுருக்கமாகச் சொல்லு, செய்து காட்டு, செய்ய விடு, திருத்து, மறுபடி செய்ய விடு. ஒரு சமயத்தில் ஒரே ஒரு தப்பைத்தான் திருத்த வேண்டும். இன்னொன்று: வெயில் வாத்தியார் முகத்தில்தான் அடிக்க வேண்டும், மாணவர் முகத்தில் இல்லை. கண் கூசினால் பாடம் ஏறாது. (எனக்கு அக்கவுண்டன்சி எடுத்தவர், ஃபேன் அடியில் தான் மட்டும் நிற்பார்.)

எல்லாவற்றுக்கும் மேலே நான்கு விதிகள். பேச்சு, பார்வை, முன்யோசனை, நிற்கும் இடம். அதாவது, எல்லோருக்கும் உன் பேச்சு எட்ட வேண்டும். எல்லோரும் உன் கண்ணில் பட வேண்டும். ஆபத்து வருமுன் விலக வேண்டும். உதவி தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்தில் நீ இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'க்ளாப்' என்று வரும். கைதட்டல்! டைரியில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். டைரி கரையில் இருந்தது. நான் கடலுக்குப் போனேன்.

மூணு தடவை கூப்பிட்டேன்

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. முன்னதை ஆண் கடல், பின்னதைப் பெண் கடல் என்பார்கள் ஊரில். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் குதிக்கும், பெண் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும்.

2022 ஆகஸ்ட். பரீட்சை வடக்குப் பக்கம். என்னிடம் நான்கு மாணவர்களை ஒப்படைத்தார்கள். இரண்டு கல்லூரிப் பையன்கள், ஒரு நர்ஸ், மதுரையிலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவர். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நம்ம ஜாதி, நாற்காலி ஜாதி! பரீட்சகர் ஒரு கயாக்கில் பின்னாலேயே வந்தார். தூரத்தில் ஒரு மோட்டார் வள்ளம் காவல்.

கடல் சமர்த்தாக இருந்தது. ஜாலியாகப் போனோம். போகப் போக வேகம் கூடியது. 'ஆகா, என்ன பயிற்சி கொடுத்திருக்கிறேன்' என்று எனக்கே புல்லரித்தது. அரை கிலோமீட்டரில் திரும்பச் சொன்னேன். திரும்பினால் மூஞ்சியில் அறைந்தது காற்று. இவ்வளவு நேரம் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்த அதே காற்று! எங்களைச் சுற்றி அலை நுரை கட்ட ஆரம்பித்திருந்தது.

தலையைக் குனிந்துகொண்டு கரையைப் பார்த்து இழுத்தேன். இடுப்பு திரும்பியது, கால் மிதித்தது, எல்லாம் பாடப்படி. பையன்களும் நர்ஸும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தேன்.

வங்கி சார் ஒரு புள்ளியாக இருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி கவிழ்ந்தது.

மூன்று பேரையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வள்ளத்துக்கு விசில் கொடுத்துவிட்டு ஓடினேன். பரீட்சகர் அவர் பக்கத்தில்தான் இருந்தார், ஆனால் கை வைக்கவில்லை. நான் வரக் காத்திருந்தார். நாற்பது தடவை செய்த வேலை. கை நடுங்கியது. எப்படியோ தண்ணீரைக் கொட்டி, ஆளை ஏற்றிவிட்டேன்.

அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "தம்பி, மூணு தடவை கூப்பிட்டேன். காத்துல கேக்கலை போலிருக்கு."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்!

கரையில் பரீட்சகர் சுருக்கமாக முடித்தார். "நல்லா ஓட்டறீங்க. ஆனா நீங்க மட்டும்தான் ஓட்டினீங்க." ஃபெயில்.

பனையைப் பாரு

சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர், "காலையில நீங்க எறங்கறப்பவே நெனச்சேன் தம்பி" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சட்டிபிகேட்டுக்குப் படிக்கிற ஆளு, தெரியாமலா போவீகன்னு இருந்துட்டேன்."

அப்புறம் சொல்லித் தந்தார். நாற்பது வருஷப் பாடம், நாலே வரியில். "கச்சான் காத்து தெக்க இருந்து தீவைத் தாண்டித்தான் இங்க வருது. கரை ஓரத்துல வீடும் மரமும் மறைக்கிறதால தண்ணி அசையாது. உள்ள போகப் போகத்தான் சுயரூபம். அது ஒன்னைக் கரைக்கா தள்ளும்? வெளியதான் தள்ளும். கடலைப் பாக்காத, பனையைப் பாரு."

நிமிர்ந்து பார்த்தேன். வரிசையாகப் பனைகள். அத்தனை ஓலையும் கடலைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தன. அந்தத் திசையில் கொஞ்ச தூரம் போனால், 1974ல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்த எல்லைக்கோடு. அதற்குமேல் நினைக்கவே வேண்டாம்.

கரைக்காற்றைப் பற்றிப் பாடத்திலும் இருந்தது. நானும் டைரியில் எழுதியிருந்தேன். ஆனால் பனை மரத்தை யாரும் டைரியில் ஒட்டித் தரவில்லை.

ஒரு வருஷம் ஆயிற்று. மறுபடி பணம் கட்டினேன். எப்படித் தெரிந்ததோ, மதுரையிலிருந்து போன். "தம்பி, மறுபடி எக்ஸாமாமே? நானும் மாணவனா வர்றேன். லீவு சொல்லிட்டேன்."

2023 ஜூலை. அதே கரை, அதே எண்ணெய்க் கடல். டீ கிளாஸோடு நின்று பனையைப் பார்த்தேன். ஓலைகள் சடசடவென்று கடல் பக்கம் நீட்டியிருந்தன.

"இன்னிக்கு வெளியே போகலை. இடுப்பளவு தண்ணியிலேயே கரையை ஒட்டிப் பாடம்" என்றேன். பரீட்சகர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மாணவர்களைக் கரைப் பக்கம் வரிசையாக நிறுத்தி, அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே என் படகை வைத்துக்கொண்டேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் தலைகளை எண்ணினேன். நாலு. நாலு. நாலு. டிரையல் பேலன்ஸ்கூட நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

வங்கி சாருக்குத்தான் ஏமாற்றம். "மூணு நாள் லீவு போட்டுட்டு வந்தேன் தம்பி. குளத்துல மாதிரி சுத்தச் சுத்த விடறீங்களே!"

அந்தப் புலம்பல் பக்கத்திலிருந்து, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. இத்தனை நாளில் நான் கேட்ட மிக இனிமையான குரல் அதுதான்.

பாஸ்!

சர்ட்டிஃபிகேட்டை வலை தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை வருசத்துக்கு?"

"நாலு வருஷம் ஐயா. அதுக்குள்ள சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் மறுபடி தருவாங்க."

"அது சரிதான்" என்று திருப்பிக் கொடுத்தார். "காயிதத்தைக் கரையில வச்சிட்டு எறங்கு. நனைஞ்சிரும்."