தலைக்கட்டு வரியும் மாதச் சந்தாவும்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களில் பொதுக்காரியத்துக்கான பணம் ஒரு காலத்தில் தலைக்கட்டு வரியாகவே வந்து சேர்ந்தது. கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்துக்கொண்டவர் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்குப் பல ஊர்களில் அரை வரி. சில ஊர்களில் வரியே இல்லை. மாரியம்மனுக்குச் சாமி சாட்டுவதற்கு முன் பெரியவர்கள் ஊர்ப் பொது இடமான மந்தையில் கூடிப் போன ஆண்டுச் செலவைப் பார்ப்பார்கள், இந்த ஆண்டுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். கையில் பணம் இல்லாதவர் தானியமாகக் கொடுத்தார். அறுவடை வரை தவணை கேட்டவருக்குத் தவணை கிடைத்தது. கொடுக்காமல் இருப்பதற்கு மட்டும் வழி இருக்கவில்லை.

இன்று சீலப்பாடி, பாலகிருஷ்ணாபுரம், செட்டிநாயக்கன்பட்டிப் பக்கங்களில் சோளமும் கடலையும் விளைந்த செம்மண் நிலத்தில் மனைக் கற்கள் நிற்கின்றன. 1866இல் நகராட்சியான திண்டுக்கல்லில் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 25,182 பேர். 2011இல் 2,07,327 பேர். 2014இல் மாநகராட்சியாகி 48 வார்டுகள் கொண்டதாக ஆன பிறகும் அதன் பரப்பு ஏறக்குறைய 14 சதுர கிலோமீட்டர்தான். இடம் போதாத மக்கள் சுற்றியுள்ள ஊராட்சிகளில் மனை வாங்கினார்கள். அங்கே நகருக்கு நகர் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு. சந்தா மாதம் ஐம்பதாகவோ நூறாகவோ இருக்கும். அறுபது வீடுகள் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 72,000 ரூபாய் சேரும். ஆனால் அறுபது வீடும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் கொடுக்கும் நகர் அரிது. பொருளாளர் இரண்டு முறை நினைவூட்டலாம், மூன்றாம் முறை வீட்டுக்கே போகலாம். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை.

சென்னையின் பெரிய அடுக்ககங்களில் நிலைமை வேறு. அங்கே பராமரிப்புக் கட்டணம் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டும்போது முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா, கூடுதல் தொகைக்கு மட்டுமா என்று வழக்கே நடந்திருக்கிறது. திண்டுக்கல் நகர்களின் கவலை நூறு ரூபாய்க்குள் அடங்கியது: தெருவிளக்கு, வாறுகால் அடைப்பு, காலி மனைப் புதரிலிருந்து வரும் பாம்பு, மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர், முனையில் ஒரு கேமரா.

பழைய ஊரின் வரவுசெலவில் பணத்தைவிட உழைப்பே பெரிய பங்கு. கண்மாய்க்கரை உடையாமல் பார்ப்பதும் வாய்க்காலில் மண் எடுப்பதும் குடிமராமத்து. அதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் இந்த வழக்கத்துக்கு அரசின் வலுவையும் சேர்த்தது. ஆள் அனுப்பாதவரிடம் அந்த வேலையின் மதிப்பில் இரு மடங்கை வசூலிக்கலாம் என்றது. இன்று அதே வேலைக்கு ஜேசிபி மணிக்கணக்கில் வருகிறது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியபோது செலவின் பெரும்பகுதி கருவூலத்திலிருந்து வந்தது. வேலை விரைவாகவே முடிந்தது. ஆனால் எந்த மடை எங்கே அடைக்கும் என்று பத்து விரலுக்கும் தெரிந்திருந்த அறிவு ஜேசிபியோடு வருவதில்லை. நகரில் வாறுகால் தேங்கினால், தண்ணீர் எந்தப் பக்கம் சரிந்து போக வேண்டும் என்பதையே முதலில் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பணத்தைக் கையாண்ட முறையில்தான் பழைய ஊர் என்னை அதிகம் ஈர்க்கிறது. திருவிழா முடிந்ததும் மந்தையில் கணக்கு வாசிக்கப்படும். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு என்று வரிவரியாக. எண்ணெய் கூடுதலாயிற்றே என்று ஒருவர் எழுந்தால் பதில் கிடைக்கும் வரை கூட்டம் கலையாது. மீதிப் பணத்தை ஊருக்குள்ளேயே வட்டிக்கு விடுவார்கள். வாங்கியவர் பெயரும் அங்கேயே சொல்லப்படும். இந்த மண்ணில் கணக்கின் மீதான கண்டிப்பு மிகப் பழையது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்கிறது. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவரே போட்டியிடலாம் என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது.

இன்றைய சங்கத்தின் கணக்கு அதைவிட ஒழுங்கானது. 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பொதுக்குழு கூட வேண்டும், தணிக்கை செய்த கணக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சந்தா ஜிபேயில் வருவதால் ஒவ்வொரு ரூபாய்க்கும் தடயம் இருக்கிறது. ஆண்டறிக்கை வாட்ஸ்ஆப் குழுவில் வந்து விழுகிறது. வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்கின்றன. எண்ணெய் ஏன் கூடியது என்று யாரும் கேட்பதில்லை. தப்புச் செய்ய முன்பைவிட இடம் குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் பொருளாளர் தனியாகிவிட்டார். குறை சொல்லப்படும்போது அவருக்காகப் பேச, கணக்கைக் காதால் கேட்ட நாற்பது பேர் இல்லை.

மந்தையைப் பற்றி இவ்வளவு சொன்னவன் அங்கே யார் உட்காரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் உட்காரவில்லை. தலித் மக்கள் வரிக் கணக்குக்குள்ளேயே இல்லை. கூட்டத்தை ஊருக்கு அறிவிக்கத் தண்டோரா போட்டவர் அந்தக் கூட்டத்தில் உட்கார முடியாது. வரி தராத குடும்பத்தை ஊரைவிட்டு விலக்கி வைத்து, நெருப்பும் தண்ணீரும் மறுத்த கொடுமை அந்தக் கட்டாயத்தின் மறுபக்கம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் இட ஒதுக்கீட்டின் வழியே பெண்களும் தலித்துகளும் ஊராட்சித் தலைவர்களானபோது, வரவுசெலவையும் கிராம சபையையும் நடத்தும் பயிற்சியைப் பக்கத்திலுள்ள காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் கொடுத்தது. தண்டோராவுக்கு 2022இல் அரசு தடை விதித்தது. இன்று சங்கங்களில் பெண் பொருளாளர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பு ஒரே நொடியில், ஒரே எழுத்தில், எல்லா வீட்டுக்கும் போகிறது. இந்த மாற்றத்துக்காக மந்தையின் எல்லாச் சிறப்பையும் விட்டுக்கொடுக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

சங்கத்துக்கு மந்தையிடம் இல்லாத இன்னொரு பலமும் உண்டு. அது அரசைக் கேள்வி கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவு கெடுத்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. திண்டுக்கல்காரர்களுக்கு அது சிறிய செய்தி அல்ல. கிணற்று நீர் கெட்ட ஊர் இது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்துத் தண்ணீரும், பேரணையிலிருந்து வைகைத் தண்ணீரும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீரும் வந்த பிறகும் குழாய் திறக்கும் நாளை எண்ணிக்கொண்டு இருக்கும் ஊர்.

இருந்தும் சங்கத்தின் பணம் எதற்குப் போகிறது என்று பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. மாநகராட்சி எல்லைக்குள் வீட்டு வரியை ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டுகிறோம். 2022இல் அது வீட்டின் அளவைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்தது. அந்த வரியில் நடக்க வேண்டிய விளக்கும் வாறுகாலும்தான் சந்தாவிலும் மறுபடி எழுதப்படுகின்றன. பூங்காவுக்கென்று தானப் பத்திரத்தில் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த இடத்தில் பல நகர்களில் பிள்ளையார் கோயில் எழும்பியிருக்கிறது. சந்தா பாக்கி வைத்தவரும் கும்பாபிஷேகத்துக்கு ஐயாயிரம் கொடுக்கிறார். திருப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு சொந்த ஊர்த் தலைக்கட்டு வரியைத் தவறாமல் அனுப்புபவர், இங்கே வாங்கிப் போட்ட மனையில் கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பல ஆண்டுகளாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரிடம் ஈரம் இல்லாமல் போகவில்லை. ஊர் அவருடையது, நகர் இன்னும் அவருடையதாகவில்லை.

2022 நவம்பர் 1 முதல் மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை கூடுகிறது; ஊராட்சிப் பக்கம் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். இரண்டிலும் பேசுவதற்குச் சொந்த வீடு தேவையில்லை. சங்கங்களோ பெரும்பாலும் இன்னும் வீட்டு உரிமையாளரையே உறுப்பினராகச் சேர்க்கின்றன. வாடகைக்கு இருப்பவர் சந்தா கொடுக்கலாம், குப்பை எடுக்கவில்லை என்று முறையிடலாம். பொதுக்குழுவில் கை தூக்க முடியாது. உத்திரமேரூரின் சொந்த மனை நிபந்தனை ஆயிரத்து நூறு ஆண்டு தாண்டி இங்கே வந்து நிற்கிறது. தெருவில் பகல் முழுதும் இருப்பவர்கள், எந்த விளக்கு எரியவில்லை என்று முதலில் அறிபவர்கள், பல வீடுகளில் வாடகைக்காரர்களே. அவர்களுக்கு வாக்கு கொடுக்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டுத் துணைவிதியைத் திருத்தி, மாவட்டப் பதிவாளரிடம் பதிந்தால் போதும். வருகிற ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை முதல் பொருளாகச் சேர்க்க வேண்டும். கணக்கைக் காகிதத்தில் கொடுப்பதோடு நிறுத்தாமல் வாய்விட்டு வாசிப்பதை இரண்டாவதாக.