இருபது பிள்ளைகளின் சதவீதம்

சார்ட்டர் பள்ளிகளின் கதை – 6

1991இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்த சட்டம் எட்டே எட்டு சார்ட்டர் பள்ளிகளுக்குத்தான் இடம் கொடுத்தது. பணம் அரசுடையது, கட்டணம் கிடையாது, நிர்வாகம் மட்டும் தனிக் குழுவின் கையில். அந்தச் சட்டத்தின்கீழ் நாட்டிலேயே முதலாவதாக, 1992இல் செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி திறந்தது. சின்னப் பள்ளி. வந்து சேர்ந்தவர்கள் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்கள். அவர்களுடைய தேர்வு முடிவைப் பக்கத்துப் பெரிய உயர்நிலைப் பள்ளியின் முடிவோடு ஒரே அட்டவணையில் போட்டால் யார் கீழே இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளி ஒன்றும் கற்பிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமா?

சென்ற வாரம் ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தோம். கணிதத்தில் வழக்கமான அரசுப் பள்ளிகளைவிட 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் மேல், 37 சதவீதம் மோசம், மீதி 46 சதவீதத்தில் பெரிய வித்தியாசமில்லை. அது பல மாநிலங்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஒரு பெற்றோருக்கு வேண்டியது தன் தெருக்கோடியில் இருக்கும் ஒரே ஒரு பள்ளியைப் பற்றிய தகவல். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் இருபது பேர் என்று வையுங்கள். ஒரு பிள்ளை தேர்வன்று சரியாக எழுதாவிட்டால் தேர்ச்சி விகிதம் ஐந்து புள்ளி இறங்கிவிடும். நானூறு பேர் எழுதும் பள்ளியில் அதே பிள்ளையால் இறங்குவது கால் புள்ளி. பூவா தலையா போட்டுப் பாருங்கள். இருபது முறை சுண்டினால் பன்னிரண்டோ அதற்கு மேலோ பூ விழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இருபதில் பன்னிரண்டு என்பது 60 சதவீதம். நானூறு முறை சுண்டி அதே 60 சதவீதத்தைத் தொடுவதற்கு லட்சத்தில் ஐந்து வாய்ப்புகூட இல்லை. நாணயம் ஒன்றேதான்.

ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் பென்சில்வேனியாவின் ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை எடுத்துக்கொண்டார். மதிப்பெண்ணில் முதல் 50 பள்ளிகளில் ஆறு, மாநிலத்தின் மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. எதிர்பார்க்க வேண்டியதைவிட நான்கு மடங்கு. ஆகா, சின்னப் பள்ளிதான் சிறந்தது என்று துள்ளலாம். கடைசி 50இலும் பார்த்தார்: அங்கே ஒன்பது சின்னப் பள்ளிகள்! இந்தப் பாதிக் கணக்கை நம்பியவர்களும் உண்டு. சின்னப் பள்ளிகளை உருவாக்கக் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டிய பில் கேட்ஸ், அவற்றில் பலவற்றில் மாணவர் முன்னேற்றம் சொல்லும்படி இல்லை என்று 2009 ஆண்டுக் கடிதத்தில் எழுதினார்.

சரி, அந்த இருபது பேர் யார்? அமெரிக்காவில் பள்ளியின் வறுமையை அளக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட அளவுகோல் மதிய உணவு. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் என்றால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. 2014 முதல், வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லாருக்கும் சோறு போடலாம் என்று நாடு முழுவதும் வழி திறந்தது. நல்ல காரியம், ஆனால் அளவுகோல் வளைந்துபோயிற்று. எல்லாரும் சாப்பிடும் பள்ளியில் எத்தனை பேர் ஏழை என்று சாப்பாட்டுக் கணக்கு சொல்லாது.

இனக் கணக்கு இன்னும் வேடிக்கை. செயின்ட் பாலில் ஹ்மாங் மக்கள் ஏராளம். 1975க்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். கூட்டாட்சி அரசின் பட்டியலில் அவர்கள் ‘ஆசியர்’. வேலை விசாவில் வந்த தமிழ் மென்பொருள் பொறியாளரின் மகளும் ‘ஆசியர்’தான். சோமாலி அகதிக் குடும்பத்துப் பையனும், பல தலைமுறையாக மிசிசிப்பியில் வாழ்ந்து வடக்கே வந்த குடும்பத்துப் பையனும் ‘கறுப்பர்’ என்ற ஒரே கட்டத்தில். இது போதாது என்று 2016இல் மின்னசோட்டா, பிள்ளைகளைக் கூடுதலாகப் பிரித்துக் கணக்கெடுக்கச் சட்டம் இயற்றியது. நியாயம்தான். ஆனால் பிரிக்கப் பிரிக்கக் கட்டங்களில் தலைகள் குறையும். ஒரு கட்டத்தில் பத்துப் பேருக்குக் குறைந்தால், யாருடைய மதிப்பெண் என்று தெரிந்துவிடக் கூடாதென்று பல மாநிலங்கள் எண்ணை மறைத்துவிடும். பெரிய பள்ளிக்குத் தெளிவு தரும் அதே விதி, சின்னப் பள்ளியின் பக்கத்தை நட்சத்திரக் குறிகளால் நிரப்புகிறது.

குலுக்கல் ஒன்றுதான் நேர்மையான ஒப்பீட்டுக்கு வழி. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சார்ட்டர் பள்ளி குலுக்கல் போட வேண்டும். இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட்டால் பெற்றோரின் அக்கறை இரு பக்கமும் சமம். ஆங்கிரிஸ்ட், பாதக் முதலான பொருளியலாளர்கள் மாசசூசெட்ஸில் இப்படித்தான் பார்த்தார்கள். பாஸ்டன் போன்ற நகர சார்ட்டர்களில் பெரிய முன்னேற்றம். நகருக்கு வெளியே அந்த ஏற்றத்தைக் காணோம். ஆனால் குலுக்கலில் நான்கைந்து பேரே தோற்கும் சின்னப் பள்ளிக்கு இந்த முறையும் உதவாது.

என்னைக் கேட்டால், அத்தகைய பள்ளியை ஓராண்டுச் சதவீதத்தால் எடைபோடுவதே தவறு. மூன்று நான்கு ஆண்டு முடிவுகளைச் சேர்த்து, அதே பிள்ளை போன ஆண்டைவிட எவ்வளவு தூரம் வந்தான் என்று பார்ப்பது ஓரளவு நியாயம். அதற்கும் பிள்ளைகள் நடுவில் பள்ளி மாறாமல் இருக்க வேண்டும். ஏழைக் குடும்பங்கள் வாடகை வீடு மாறும் வேகத்தில் அது நடப்பது அரிது. இருந்தும் சார்ட்டர் பள்ளியின் ஒப்பந்தம் முடியும் ஆண்டில் யாரோ ஒருவர் ‘தொடரலாம்’ என்றோ ‘மூடு’ என்றோ கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் அமைப்புகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)