சமையலறை வடிகால் நாற்றம்

சமையலறை வடிகால் நாற்றம் என்பது வீட்டுச் சமையலறையின் கழுவுதொட்டி (சிங்க்), தரைத்துளை, அவற்றோடு இணைந்த குழாய்கள் ஆகியவற்றிலிருந்து எழும் தீய வாடையைக் குறிக்கும். இது இரு வகைப்படும். குழாயின் உட்சுவரில் படிந்த உணவுக்கசடு அழுகுவதால் எழுவது ஒன்று. சாக்கடையிலோ கழிவுத்தொட்டியிலோ (செப்டிக் டேங்க்) உருவாகும் வளிமங்கள் குழாய் வழியே வீட்டினுள் ஏறி வருவது மற்றொன்று. முன்னது அருவருப்பைத் தருவது. பின்னது உயிருக்கே கேடு விளைவிக்கக் கூடியது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் தொட்டியில் பாச்சை உருண்டையைப் போட்டு வைப்பது நம் வீடுகளில் பரவலான வழக்கமாகும். அது வாடையை மறைக்குமே அன்றி வளிமத்தைத் தடுக்காது.

பின்னணி

சமையலறை நீர் வெளியேறும் இடத்தை அங்கணம் என்பது பழந்தமிழ் வழக்கு. திருக்குறளிலும் (குறள் 720) இச்சொல் ஆளப்பட்டுள்ளது. விழுப்புரம் மாவட்டத்தின் மேல்மலையனூர், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் பாத்திரம் கழுவிய நீர் கொல்லையில் உள்ள வாழைக்கோ தெருக் கால்வாய்க்கோ பாய்வதை இன்றும் காணலாம். அங்கு வாடை வெட்டவெளியில் கலைந்துவிடும். வீட்டினுள்ளேயே கழிவறை கட்டி, சமையலறைக் குழாயையும் கழிவுத்தொட்டிக்குச் செல்லும் அதே குழாயில் இணைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நீரடைப்பு

வடிகுழாயை வளைத்து, அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்குமாறு அமைப்பதே நீரடைப்பு (டிராப்) ஆகும். நீர் கீழே செல்லும்; வளிமம் மேலே வர இயலாது. இலண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775 இல் இத்தகைய வளைகுழாய் கொண்ட கழிவறைக்குக் காப்புரிமை பெற்றார். நிற்கும் நீரின் ஆழம் 50 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். ஒரு வீட்டுக்கும் சாக்கடைக்கும் இடையே உள்ள கதவு அவ்வளவுதான்.

காற்றில்லாத இடத்தில் சில நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கும்போது ஐதரசன் சல்பைடு உருவாகிறது. அழுகிய முட்டை வாடை இதனுடையதே. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே இதை மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் நூறு பங்கு அளவுக்கு மிகுந்தால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மரத்துப் போகும். எனவே வாடை நின்றுவிட்டது என்பதால் வளிமம் போய்விட்டது எனக் கொள்ளலாகாது. 2024 சூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே வந்த நச்சு வளிமத்தால் சிறுமி ஒருவர் உட்பட மூவர் இறந்தனர். 2003 இல் ஆங்காங்கின் அமோய் கார்டன்சு குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குச் சார்சு நோய் பரவியதற்கு, குளியலறைத் தரைத்துளைகளின் நீரடைப்பு வறண்டிருந்ததும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

கண்டறிதல்

இரவில் எல்லாத் துளைகளையும் ஈரத்துணியாலும் நெகிழித்தாளாலும் மூடி, ஒன்றை மட்டும் திறந்து வைக்க வேண்டும். நாளுக்கு ஒரு துளையாக இவ்வாறு செய்தால் வாடை வரும் வழி தெரிந்துவிடும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடாது. சாக்கடை வளிமத்தில் எரியும் தன்மையுள்ள மீத்தேனும் உண்டு.

தண்ணீர் திறந்துவிடும்போது மட்டும் வாடை எழுந்தால் அது பெரும்பாலும் கசடு. புழங்காத நேரத்திலும், குறிப்பாக விடியற்காலையில் கதவைத் திறந்ததும் அடித்தால், நீரடைப்பை ஐயுற வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பிய வீட்டில் ஒரு குடம் நீர் ஊற்றியதும் வாடை அடங்கினால், வளைவில் இருந்த நீர் வற்றியிருந்தது என்று பொருள். தொட்டி வடியும்போது களகளவென ஓசை எழுந்தால், காற்றுக்குழாய் இல்லாமையால் நீரடைப்பின் நீர் உறிஞ்சப்படுகிறது எனலாம்.

நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் குறை வேறொன்று. தொட்டியின் அடியில் மாட்டும் சுருள் வளைவுள்ள வெள்ளை நெகிழிக் குழாயை, வளைவு ஏதுமின்றி நேராகத் தரைக்குழாயில் செருகிவிடுவர். சுற்றிலும் இடைவெளி அப்படியே இருக்கும். இவ்வீடுகளில் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

சரிசெய்தல்

அந்த வெள்ளைக் குழாயை வளைத்து, வளைவு நிலைத்து நிற்குமாறு கட்டலாம். புட்டி வடிவ நீரடைப்பைப் பொருத்துவது இன்னும் நன்று. செருகிய இடத்தின் இடைவெளியை இரப்பர் வளையத்தாலோ எம்-சீல் போன்ற பசையாலோ அடைக்க வேண்டும். தரைத்துளையில் நகானி டிராப் உள்ளதா என்பதைச் சல்லடை மூடியைத் தூக்கிப் பார்த்தே அறியலாம். புழங்காத துளைகளில் வாரம் ஒருமுறை நீர் ஊற்றிவர வேண்டும். காற்றுக்குழாய் அமைப்பது கொத்தனார், குழாய்ப் பணியாளர் வேலை.

கசடாயின், அடியில் வாளியை வைத்து நீரடைப்பின் கிண்ணத்தைத் திருகிக் கழற்றி, மாவும் எண்ணெயும் சேர்ந்த வழுவழுப்பைத் தூரிகையால் தேய்த்து எடுப்பதே உறுதியான வழி. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றினால் நுரை பொங்கும். ஒன்றையொன்று முறித்துவிடுவதால் கசடு அவ்வளவாகக் கரையாது. கொதிக்கும் வடிகஞ்சியை அப்படியே ஊற்றுவது பிவிசி குழாயை இளக்கி இணைப்புகளைத் தளர்த்தும். பிளீச்சிங் பவுடருடன் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் என்னும் நச்சு வளிமம் வெளிப்படும்.

அடைப்பு கழிவுத்தொட்டியில் இருப்பின், ஆளை உள்ளே இறக்காமல் உறிஞ்சு வண்டியை அழைக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இன்றி அப்பணியில் ஒருவரை ஈடுபடுத்துவது 2013 ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டப்படி குற்றமாகும்.