வேலையை விட்டுட்டு நீட் பிஜி படிக்கலாமா? எம்.டி. ஜெனரல் மெடிசினுக்கு உங்க வாய்ப்பை எப்படிக் கணக்குப் போடுறது

சம்பளம், எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசிட்டிருக்கிற இடத்துல திடீர்னு மெடிக்கல் சீட் எதுக்குன்னு சிலர் கேட்பீங்க. போன மாசம் சங்கரன்கோவில் பக்கத்துல இருக்கிற திருவேங்கடத்துல இருந்து ஒரு மெயில் வந்தது. ஊரைத் தவிர மத்த விவரங்களைக் கொஞ்சம் மாத்திச் சொல்றேன்.

எம்.பி.பி.எஸ். முடிச்ச ஒரு தங்கச்சி. கோவில்பட்டியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ட்யூட்டி டாக்டர், மாசம் 60,000 சம்பளம். அதுல 20,000 வீட்டுக்கு. நீட் பிஜி ரெண்டு தடவை எழுதியாச்சு, கடைசியா 2025-ல் வந்த ரேங்க் 41,000 சொச்சம். ஆசை ஜெனரல் மெடிசின் மேல. "அண்ணா, எட்டு மாசம் வேலையை விட்டுட்டு முழுசா உட்கார்ந்து படிச்சா கிடைக்குமா? இல்லைன்னா அப்பா ரெண்டு ஏக்கர் கரிசக்காட்டை வித்து மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பார்க்கலாம்னு சொல்றாங்க" என்பதுதான் கேள்வி.

காட்டை விக்கிற கேள்வி வந்துட்டா அது பணக் கேள்விதான். உங்க வீட்டுல டாக்டர் யாரும் இல்லைன்னாலும் படிங்க. வேலையை விட்டுட்டு எந்தப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான்.

மார்க்கைப் பார்க்காதீங்க

நீட் பிஜியில 200 கேள்வி, சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, மொத்தம் 800. எல்லாரும் முதல்ல கேட்கிறது "எவ்வளவு மார்க்?" அந்த நம்பர் ஒரு வருஷத்துல இருந்து இன்னொரு வருஷத்துக்குச் செல்லாது. பொதுப் பிரிவுக்குத் தகுதி 50 பர்சன்டைல். அந்த 50 பர்சன்டைலுக்கு 2021-ல் 302 மார்க் தேவைப்பட்டது, 2022-ல் 275, 2023-ல் 291. பேப்பர் கஷ்டமா இருந்தா கோடு இறங்கும், சுலபமா இருந்தா ஏறும். 2024-ல் ரெண்டு ஷிஃப்ட்ல தேர்வு வெச்சு நார்மலைஸ் பண்ணினாங்க. 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால மறுபடி ஒரே ஷிஃப்ட், ஆகஸ்ட் 3-ம் தேதி. இதுல "போன தடவையைவிட 30 மார்க் கூட எடுத்துட்டேன்"னா முன்னேறியிருக்கோம்னு அர்த்தமில்லை.

தகுதி பெறுறதும் போட்டியில இருக்கிறதும் ஒண்ணு இல்லை. இதைத்தான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. 2023 செப்டம்பர்ல காலி இடங்களை நிரப்ப தகுதிக் கோட்டை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யம் பர்சன்டைலுக்கே இறக்கினாங்க. தேர்வு எழுதின எல்லாருமே தகுதி! ஆனா அந்தக் கடைசி நேரத்துல பெரும்பாலும் மிஞ்சுறது யாரும் விரும்பாத கிளினிக்கல் அல்லாத படிப்பும், யாராலும் கட்ட முடியாத ஃபீஸ் உள்ள சீட்டும்தான். அரசுக் கல்லூரி ஜெனரல் மெடிசின் அந்த வரிசைக்கு வர்றதே இல்லை. ரேடியாலஜியோட சேர்ந்து முதல் ரேங்க்காரங்க அள்ளிட்டுப் போற படிப்பு அது.

பர்சன்டைலும் ஏமாத்தும். 2025-ல் பதிவு பண்ணினவங்க சுமார் 2.42 லட்சம் பேர். நம்ம தங்கச்சியோட 41,000 ரேங்க் 80 பர்சன்டைலுக்கு மேல. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஊர்ல சொன்னா கைதட்டுவாங்க. ஆனா முன்னாடி 41,000 பேர் நிக்கிறாங்க. அதனால ரேங்க்கை மட்டும் எடுத்துக்கங்க.

எந்த வரிசையில நிக்கிறீங்க?

ரேங்க் ஒண்ணுதான், வரிசை பல. அரசுக் கல்லூரி பிஜி இடங்கள்ல பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், அதை எம்.சி.சி. நடத்துது. மீதி பாதி மாநிலத்துக்கு, அதைச் சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கிற தேர்வுக் குழு நடத்துது. டி.என்.பி. ஜெனரல் மெடிசின் இடங்களும் இதே நீட் பிஜி ரேங்க்ல, எம்.சி.சி. கவுன்சலிங் வழியாத்தான். அதைப் பட்டியல்ல சேர்க்காம விடுறவங்க நிறைய. விடாதீங்க. எய்ம்ஸ், ஜிப்மர் மாதிரி இடங்களுக்கு ஐ.என்.ஐ. சி.இ.டி.ன்னு தனித் தேர்வு, வருஷத்துக்கு ரெண்டு தடவை.

அகில இந்தியப் பக்கம் ஓ.பி.சி. 27 சதவீதம், இ.டபிள்யூ.எஸ். 10, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5. பிஜியில ஓ.பி.சி.க்கு இது வந்ததே 2021-ல்தான். தமிழ்நாட்டுப் பக்கம் நம்ம 69 சதவீதம்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதுல அருந்ததியர் 3), எஸ்.டி. 1. இங்க இ.டபிள்யூ.எஸ். கிடையாது. பி.சி.க்கு கிரீமி லேயரும் கிடையாது.

ஓ.பி.சி. சர்டிபிகேட் விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். "நான் வருஷம் ஏழு லட்சம் சம்பாதிக்கிறேன், எனக்குக் கிடைக்காது"ன்னு நினைச்சு விண்ணப்பிக்காம விட்டவங்களை எனக்குத் தெரியும். உங்க சம்பளம் கணக்குல வராது, பார்க்கிறது அப்பா அம்மா நிலையை. அதுலயும் 8 லட்ச வரம்புக்குச் சம்பள வருமானத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்க மாட்டாங்க. பெற்றோர் அரசுப் பதவியில எந்தப் படியில இருக்காங்க என்பது தனிக் கணக்கு. தாலுகா ஆபீஸ் போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கங்க. ஒரு சர்டிபிகேட்டால வரிசையே மாறுது.

இதுக்கெல்லாம் மேல தமிழ்நாட்டுல இன்னொரு வரிசை இருக்கு. அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் ஒதுக்கீடு. மாநில இடங்கள்ல பாதி அவங்களுக்கு. மாநிலங்கள் இப்படிக் கொடுக்கலாமா கூடாதாங்கிற வழக்குல, கொடுக்கலாம்னு 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிடுச்சு. வழக்குப் போட்டது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம்தான். இந்த வரிசைக்குத் திரும்ப வர்றேன், ஏன்னா நம்ம தங்கச்சிக்கு இதுதான் முக்கியம்.

உங்க நம்பரைக் கண்டுபிடிக்கிறது

ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போதும். எம்.சி.சி. தளத்துலயும் தமிழ்நாடு தேர்வுக் குழு தளத்துலயும் ஒவ்வொரு ரவுண்டோட ஒதுக்கீட்டுப் பட்டியலும் பி.டி.எஃப்.பா இருக்கும். இறக்கி எக்ஸல்ல போடுங்க. ஜெனரல் மெடிசின் மட்டும் ஃபில்டர் பண்ணுங்க, அப்புறம் உங்க பிரிவு, அப்புறம் அரசுக் கல்லூரி. ஒவ்வொரு ரவுண்ட்லயும் கடைசியா சீட் வாங்கின ரேங்க் எதுன்னு எழுதுங்க. மூணாவது ரவுண்டு ரேங்க்தான் உங்க இலக்கு. அதுக்கப்புறம் வர்ற ஸ்ட்ரே ரவுண்டை நம்பித் திட்டம் போடாதீங்க. ஒரு வருஷம் ஒருத்தருக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கும், அந்தக் கதைதான் வாட்ஸப்ல சுத்தும்.

முடிஞ்சவரை புது வருஷப் பட்டியலையே எடுங்க. 2025 ஜனவரி 29-ல், மாநில பிஜி ஒதுக்கீட்டுல குடியிருப்பு அடிப்படையிலான இட ஒதுக்கீடு செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கு. விதி மாறுற காலத்துல அஞ்சு வருஷ சராசரி எடுத்து என்ன பண்ண?

இப்போ அந்தக் கடைசி ரேங்க்கையும் உங்க ரேங்க்கையும் பக்கத்துல வைங்க. ஒண்ணேகால் மடங்குக்குள்ள இருந்தா நீங்க போட்டியில இருக்கீங்க, கொஞ்சம் தள்ளினா விழும். ரெண்டு மடங்குன்னா பெரிய தாவல் வேணும். நாலு மடங்குன்னா "இன்னும் நல்லா படிக்கிறேன்" பத்தாது, வழியையே மாத்தணும். இது என்னோட தோராய அளவுகோல், யாரும் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதில்லை.

மாக் டெஸ்ட் ரேங்க்கைக் கவனமாப் பாருங்க. 20,000 பேர் எழுதின கிராண்ட் டெஸ்ட்ல உங்களுக்கு 2,000 வந்தா நிஜத்துல 2,000 வராது, எழுதாத நல்ல மாணவர்களும் இருக்காங்க. அதுக்காக அதே பத்து சதவீதத்தைப் பெருக்கி 24,000-னும் சொல்ல முடியாது, ஏன்னா டெஸ்ட் எழுத வர்றவங்க பெரும்பாலும் ஓரளவு படிச்சவங்க. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ. அஞ்சு டெஸ்ட் எழுதி நடு ரேங்க்கை எடுங்க. ஸ்டேட்டஸ்ல போட்ட அந்த ஒரு நல்ல ரேங்க்கை எடுக்காதீங்க.

எட்டு மாசத்தோட விலை

எட்டு மாசம் × 60,000 = 4,80,000. டெஸ்ட் சீரீஸ், ரூம், மெஸ்னு ஒரு 70,000. ஆக 5.5 லட்சம்.

இந்த 5.5 லட்சம் சீட்டுக்கான விலை இல்லை, வாய்ப்பு கூடுறதுக்கான விலை. வேலை பார்த்துக்கிட்டே படிச்சா உங்க வாய்ப்பு 30 சதவீதம், விட்டுட்டுப் படிச்சா 40 சதவீதம்னு வைங்க. நீங்க வாங்குறது பத்து சதவீதம். 5.5 லட்சத்தை 0.10-ஆல வகுங்க: 55 லட்சம். ஒரு சீட்டுக்கு 55 லட்சம் கொடுக்கிற விகிதத்துல செலவு பண்றீங்க! அதே 30, 60 ஆகும்னா சுமார் 18 லட்சம். அது வேற பேச்சு. ஆக, "விட்டுட்டுப் படிக்கலாமா"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி "எவ்வளவு கூடும்"னு கேளுங்க. இப்போ வாரம் ஆறு நைட் ட்யூட்டி, புத்தகமே திறக்க முடியலைன்னா நிறைய கூடும். தினம் நாலு மணி நேரம் ஏற்கெனவே படிக்கிறவங்களுக்கு அவ்வளவு கூடாது. பாதி ட்யூட்டிக்கு மாறிக்கிட்டு பாதிச் சம்பளம் வாங்குறதை யாரும் யோசிக்கிறதே இல்லை.

தங்கச்சி கையில 2.3 லட்சம் சேமிப்பு. வீட்டுக்கு 20,000, சொந்தச் செலவு 12,000, மாசம் 32,000. எட்டு மாசத்துக்கு 2.56 லட்சம். தேர்வுக்கு முந்தின மாசமே பணம் தீர்ந்துடும். அதுக்கப்புறமும் ரிசல்ட், கவுன்சலிங்னு மாசக்கணக்குல இழுக்கும். கவுன்சலிங்குக்கே பணம் வேணும்: எம்.சி.சி. அகில இந்திய இடங்களுக்குத் திருப்பித் தர்ற டெபாசிட் பொதுப் பிரிவுக்கு 25,000, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 10,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகம்னா 2 லட்சம். பிந்தின ரவுண்டுல சீட் கிடைச்சு சேராம விட்டா அந்த டெபாசிட் போயிடும். சும்மா போட்டுப் பார்ப்போம்னு சாய்ஸ் நிரப்பாதீங்க.

காட்டை வித்தா?

மேனேஜ்மென்ட் சீட் ஃபீஸ் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உதாரணத்துக்கு மூணு வருஷத்துக்கு மொத்தம் 40 லட்சம்னு மட்டும் வைப்போம், நிஜத்துல இதைவிட ரொம்ப அதிகம் கேட்கிற இடங்கள் உண்டு. வருஷா வருஷம் சம தவணையில கல்விக் கடன், வட்டி 10.5 சதவீதம், படிக்கும்போது வட்டி கட்டலைன்னா படிப்பு முடியும்போது சாதா வட்டியிலேயே கடன் 48.4 லட்சம். பத்து வருஷ ஈ.எம்.ஐ. சுமார் 65,000. எம்.டி. முடிச்சு முதல் வேலையில சேர்ற டாக்டரால இதைக் கட்ட முடியுமா? முடியும், ஆனா வாடகை, கல்யாணம், ஸ்கேன் சென்டர் கனவு எல்லாம் தள்ளிப் போகும். வட்டிக்கு வரிவிலக்கு இருக்கு, எட்டு வருஷம் வரைக்கும், பழைய வரி முறையில மட்டும்.

காட்டை வித்தா ஈ.எம்.ஐ. இல்லை, உண்மைதான். ஆனா அந்தக் காடு அப்பா அம்மாவோட ரிட்டயர்மென்ட் பணம். அவங்களுக்கு பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை. மகளோட சீட்டுக்கு அதை வித்தா நாளைக்கு அவங்க செலவு மகளோட சம்பளத்துல ஏறும். அதுவும் ஈ.எம்.ஐ.தான், பேர் மட்டும் வேற.

அமெரிக்கா போகலாமே?

இதையும் கேட்டிருந்தாங்க. அங்க இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு வருஷம் பத்தாயிரத்துக்கு மேல இடம், வெளிநாட்டு டாக்டர்கள் அதிகமா போறதும் அதுக்குத்தான். ஆனா அங்க ஒரே ரேங்க் கிடையாது. ஸ்டெப் 1 தேர்வு 2022-ல் இருந்து வெறும் பாஸ், ஃபெயில். ஸ்டெப் 2 மார்க், படிச்சு முடிச்ச வருஷம், அமெரிக்க ஆஸ்பத்திரி அனுபவம், பரிந்துரைக் கடிதம், விசா தேவை எல்லாம் பார்ப்பாங்க. 2024 மேட்ச்ல அமெரிக்கரல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகள்ல 58.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைச்சது. ஆஹான்னு தோணும். ஆனா அது கடைசியா விருப்பப் பட்டியல் கொடுத்தவங்கள்ல 58.5. இன்டர்வியூவே வராம நடுவுலயே நின்னவங்க அந்தக் கணக்குல இல்லை. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் கீழே வகுக்கிற எண்ணுல யார் யார் இருக்காங்கன்னு கேளுங்க. தேர்வு, பயணம், விசான்னு லட்சக்கணக்குல செலவாகுற வழி இது. கையில 2.3 லட்சம் இருக்கிறப்ப இது இப்போதைக்கு இல்லை.

தங்கச்சிக்கு நான் எழுதின பதில்

அவங்க பட்டியலை இறக்கிப் பார்த்தாங்க. ஜெனரல் மெடிசினுக்கு அவங்க பிரிவுல கடைசி ரேங்க் ரொம்ப முன்னாடியே முடிஞ்சிருந்தது. எட்டு மாசத்துல தாண்டுற தூரம் இல்லை. நான் சொன்னது: வேலையை விடாதீங்க, எம்.ஆர்.பி. உதவி மருத்துவர் தேர்வுக்குப் படிங்க. ரெண்டுக்கும் பாடம் எம்.பி.பி.எஸ்.தான். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100, அதுக்கு மேல அகவிலைப்படி. தென்காசி மாவட்டத்துல அரசு மருத்துவக் கல்லூரி இல்லைன்னாலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கு, ஊர்ப் பக்கம் போஸ்டிங் கிடைச்சா வாடகையும் மிச்சம். குறைந்தபட்ச சர்வீஸ் முடிச்சா சர்வீஸ் ஒதுக்கீட்டு வரிசையில நிக்கலாம், படிக்கிற மூணு வருஷமும் சம்பளம் வரும். பதிலுக்கு அரசுப் பணியில தொடரணும்னு பத்திரம் எழுதித் தரணும். எத்தனை வருஷ சர்வீஸ், பத்திரத் தொகை எவ்வளவுங்கிறதை அந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல பாருங்க, சீனியர் சொன்னதை நம்பாதீங்க.

"மூணு வருஷம் லேட்டாகுமே அண்ணா"ன்னு பதில் வந்தது. ஆகும். ஆனா அந்த மூணு வருஷமும் சம்பளத்தோட லேட். அதுக்கு நடுவுல ஓபன்லயும் எழுதலாம், தேர்வுக் கட்டணம் 3,500 ரூபாய்தான்.

எம்.ஆர்.பி. புத்தகம் வாங்கியாச்சுன்னு நேத்து மெசேஜ் வந்தது. இந்த வருஷம் காட்டுல உளுந்து போட்டிருக்காங்களாம். நான் போட்ட எக்ஸல் ஷீட் வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சக் கட்டத்துல உங்க சம்பளம், ரேங்க், சேமிப்பு மூணையும் போட்டா மீதியை அதுவே கணக்குப் போடும்.